கழற்றச் சொன்ன பட்டை

ஜூன் 4
கழுத்துப்பட்டையின் உள்துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். போன மாதம் ஏணியிலிருந்து விழுந்து கழுத்தெலும்பில் விரிசல். தாடை முதல் நெஞ்சு வரை பிளாஸ்டிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். தலையைத் திருப்ப முடியாது. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவருக்குப் பின்னால் நின்று பழிப்புக் காட்டினேன். நன்றாக இருந்தது.

ஜூன் 11
தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். முன்பு இந்தப் பேச்சை எடுத்ததற்கே கன்னம் வீங்கியது. இப்போது, "சீக்கிரம் வந்துடு" என்கிறார். வேறு வழி? அடுப்பு எரிய வேண்டுமே.
கடைக்கார அக்கா என் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கைய வச்சுக்கிட்டு இத்தன நாள் எங்கடி இருந்தே?"
எங்கே இருந்தேன்!

ஜூன் 30
ஆஸ்பத்திரி. அவர் எக்ஸ்ரே அறையிலிருந்து வருவதற்குள் படத்தைப் பார்த்த டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார்: "எலும்பு சேர்ந்துடுச்சும்மா. தினம் கொஞ்சம் கொஞ்சமா கழட்டிப் பழகட்டும். பயிற்சி ஆரம்பிங்க. சும்மா போட்டுட்டே இருந்தா கழுத்துல பலமே இருக்காது." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
வாசலில் அவர். "என்ன சொன்னாரு?"
"இன்னும் கொஞ்ச நாள் போட்டிருக்கணுமாம்."
யோசிக்கவே இல்லை. கழுத்து சரியானால் என் வேலைக்கு அன்றே முழுக்கு. அதுதான் தெரிந்தது.

ஜூலை 19
"கழட்டிப் பாக்கவா?" என்று பட்டையில் கை வைத்தார்.
"கழட்டுங்க. கைகால் விளங்காமப் போனா என்னச் சொல்லாதீங்க."
கை கீழே இறங்கியது. என்னை அறைந்த கை. அடச்சே, இவ்வளவுதானா இந்த ஆள்? பாவமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 8
தாடைக்கு அடியில் புண். படுக்கவைத்துப் பட்டையை அவிழ்த்து மருந்து போட்டேன். உரித்த கோழிக் கழுத்து மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்ததும், "தல கனக்குது, சீக்கிரம் மாட்டுடி" என்று கெஞ்சினார். தலைக்கனம் இப்போதுதான் தெரிகிறதாக்கும். மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

ஆகஸ்ட் 23
நாத்தனார் வந்தாள். "இன்னுமா இந்தக் கண்றாவி?" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் பட்டையை எடுத்ததும் தலை முன்னால் சாய்ந்தது.
"அப்பவே கழட்டச் சொன்னேனே! யாரு போட்டிருக்கச் சொன்னது?"
போச்சு. எல்லாம் போச்சு. செத்தேடி இன்னிக்கு —
அவர் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். "நான்தான், டாக்டர். கழட்டப் பயந்துட்டேன்."
நாத்தனார் கிளம்பிப் போனதும் சொன்னார், சத்தமே போடாமல்: "காட்டிக்குடுக்கல பாத்தியா? நாளையிலேருந்து கடைக்குப் போகாத. போனா எங்கக்காவுக்கும் டாக்டருக்கும் எல்லாம் தெரியும். வீட்லயே கெடந்து என் கழுத்தச் சரி பண்ணு."

ஆகஸ்ட் 24
போகவில்லை.

அக்டோபர் 6
பயிற்சி இதுதான்: அவர் நெற்றியில் என் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும். அவர் தலையால் அதை எதிர்த்துத் தள்ள வேண்டும். காலையும் மாலையும் செய்கிறோம். ஆரம்பத்தில் கைக்குழந்தை முட்டுகிற மாதிரி இருந்தது. இன்று என் கை பின்னால் போய்விட்டது. பட்டை இல்லாமலே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.
"நல்லா அழுத்துடி" என்றார்.