அலமாரியில் இருக்கும் பதினோரு பாட்டில்

மூத்தவன் அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? என் போனை நீ எடுப்பதில்லை, அதனால் கூரியரில் இதை அனுப்புகிறேன்.

நான் இங்கே வந்துவிட்டால் தனியாகப் பார்த்துக்கொள்வது உனக்குப் பாரம் என்று உன் கோழிகளை அறுத்து, பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்தேனே, அதில் என்னோடு கொண்டுவந்த ஒன்றைப் போன வாரம் திறந்து சாப்பிட்டேன். கெட்ட வாடையே இல்லை. மறுநாள் பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தது. “ரெண்டு தட்டு தெரியுதா பெரியவரே? அப்ப ஒண்ணு எனக்கு” என்று சிரித்த, என் அறையில் கூடத் தங்கியிருப்பவன்தான், தண்ணீரும் தொண்டையில் இறங்காதபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். இப்போது பரவாயில்லை, கஞ்சி இறங்குகிறது.

கறி பாட்டிலைப் பிரஷரில் வைத்துத்தான் வேகவைக்க வேண்டுமாம். வெறும் கொதிநீர் போதாதாம், உள்ளே விஷம் ஊறுமாம். மூத்தவன் அன்றே இதைச் சொன்னான். நானே படித்துக் கற்றவன், எனக்குப் பாடம் எடுக்காதே என்றேன். அவனிடம் இன்றும் என் தப்பு என்று சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே.

அலமாரியில் இருக்கும் பதினோரு பாட்டிலையும் திறக்காமல் ஆழமாகப் புதைத்துவிடு. நாய்க்கும் போடாதே. என் பழைய கண்ணாடியை அனுப்பு, எழுத்து இன்னும் ஆடுகிறது.

“என்னைக் கேக்காம அறுத்தீங்கல்ல, செத்தாலும் அதைத் தொடமாட்டேன்” என்றாய். உன் பிடிவாதத்தை நாற்பது வருடமாகத் திட்டியிருக்கிறேன். இந்த ஒரு முறை அதை விட்டிருக்காதே.

கூரியர்க்காரன் அவசரப்படுத்துகிறான். போனை எடு.

மூத்தவன் அப்பா