புளியங்கொட்டை திருப்பிய பெண்

மாசி, வெள்ளிக்கிழமை.

பேத்தி செல்வியைப் பெண் பார்க்கப் பட்டணத்திலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் எங்கள் உப்பளத்து வீட்டுக்கு வந்தார்கள். என்ன வேலை என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். கம்ப்யூட்டர் கணக்கைக் கம்பி வழியாக அனுப்புகிற வேலையாம். வழியில் தப்பு நேர்ந்தால் எப்படித் தெரியும் என்று காட்ட, தாயம் ஆட ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து வைத்த புளியங்கொட்டைகளை வரிசை வரிசையாகப் பரப்பினான். நெடுக்கிலும் குறுக்கிலும் எந்த வரிசையை எண்ணினாலும் வெள்ளை இரட்டைப்படையாக வரும்படி, ஓரத்தில் கூடுதல் கொட்டைகள் சேர்த்தான்.

"ஒன்னைத் திருப்புங்க ஆயா, எதுன்னு சொல்றேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பினேன். ஒற்றைப்படையாகிவிட்ட நெடுக்கும் குறுக்கும் சந்திக்கிற கொட்டையைச் சரியாகக் காட்டி, பழையபடி திருப்பி வைத்தான். எனக்கு எரிந்தது.

அடுத்து செல்வி ஒரே குறுக்கு வரிசையில் இரண்டைத் திருப்பினாள்.

"தப்பு இருக்குது, எந்தக் குறுக்கு வரிசைன்னுதான் தெரியலை. மறுபடி அனுப்பச் சொல்லிக் கேப்போம்" என்று சிரித்தான். செல்வியும் சிரித்தாள்.

அவன் அம்மா சிரிக்கவில்லை. "உப்பளத்துப் பொண்ணாச்சே, கை நீளமாத்தான் இருக்கும்" என்றாள்.

கொட்டையில் தப்பைக் கண்டுபிடித்தவன் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். "காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்கம்மா. எங்க உப்பு இல்லாம உங்க வீட்டுல கொழம்பு வெக்க முடியுதான்னு பாருங்க."

போய்விட்டார்கள். செல்வி இன்னும் என்னோடு பேசவில்லை. அவனைப் பிடித்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.