இந்தப் புத்தாண்டுக்கு வராதே

அன்பு மகள் தியாரிக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் பசுவும் கன்றும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ அந்தக் குளிர் தேசத்தில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விகாரையில் ஊதுபத்தி வைக்கும்போதெல்லாம் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன், அப்பா பெயர் அதற்குப் பிறகுதான், அவரிடம் சொல்லிவிடாதே. போனில் பேசாமல் இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது, உன் குரல் வந்தால் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே கிடக்கிற கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக வைத்துக் கேட்கிறார், அக்கம்பக்கமே கேட்கிறது. அதனால் பிசேய் அக்காள் மகள் கொரியாவுக்குத் திரும்பும்போது அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். படித்துவிட்டு யாரிடமும் மூச்சு விடாதே.

பனையில் இந்த வருஷம் பதநீர் குறைவில்லை, விலைதான் இல்லை. அப்பா இன்னும் ஏறுகிறார், இறங்கியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கேட்டால் மரத்துக்குத்தான் வயசாகிவிட்டது என்கிறார். நான் பாகு கிண்டும்போது கொதித்துத் தெறித்து வலது கட்டைவிரல் வெந்துபோனது. பதறாதே, துணி சுற்றியிருக்கிறேன், அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். கருப்பட்டி விலை விழுந்ததால் இரண்டு தவணை நின்றுவிட்டது. அன்றிலிருந்து கடன் கம்பெனித் தம்பி விச்செத் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறான். வந்தால் மோட்டார் சைக்கிளைப் புளியமரத்தடியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறான். நாங்கள் சோறு உண்ணும் நேரம் வந்தாலும் எழுந்திருப்பதில்லை. சத்தம் போட்டால்கூட எனக்கு இவ்வளவு பயம் வராது, அவன் மெதுவாகப் பேசுகிறான். "சித்தி, நான் என்ன கெட்டவனா? எனக்கு மேல ஆள் இருக்காங்க, அவங்க என்னைத் திட்டுறாங்க. நீங்க சாப்பிடுங்க, நான் இப்படி ஓரமா இருக்கேன்" என்கிறான். அவன் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்குவதில்லை. போன வாரம் வீட்டையும் பனைகளையும் நாலு பக்கமும் நின்று படம் எடுத்தான். எதுக்குப்பா என்று கேட்டேன். "சும்மா சித்தி, அழகா இருக்கு" என்றான்.

இப்போது அவன் ஒரு புதுப் பேச்சு கொண்டுவந்திருக்கிறான். பழைய கடனை அடைக்கப் பெரிதாக ஒரு புதுக் கடன், கையிலும் கொஞ்சம் டாலர் மிச்சம் நிற்குமாம், புத்தாண்டுச் செலவுக்கு ஆகுமாம். வேறு இடத்தில் வாங்கின முதல் கடனை அடைக்க இந்தக் கம்பெனியில் வாங்கினதும் இதே கதைதான், ஒரு குழியை மூட பக்கத்தில் இன்னொரு குழி வெட்டி மண் எடுத்தோம். புதுக் காகிதத்துக்கு அப்பா, நான் இரண்டு பேர் கைநாட்டு போதாதாம் (எழுதத் தெரிந்தவர்களும் இங்கே விரல்தானே வைக்கிறோம்), சம்பாதிக்கிற பிள்ளையின் கட்டைவிரலும் வேண்டுமாம், அதுவும் கிராமத் தலைவர் முன்னால் நேரில் வைக்க வேண்டுமாம். "தியாரி எப்ப வருது சித்தி, டிக்கெட் போட்டாச்சா?" என்று என்னிடம் கேட்டான். சொந்தத் தம்பி அக்காவைப் பற்றிக் கேட்கிற மாதிரி அவ்வளவு ஆசையாகக் கேட்டான். அப்பா சிரித்துக்கொண்டே "வந்துரும், வந்துரும், எம் பொண்ணு எம் பேச்சைத் தட்டாது" என்று சொல்லிவிட்டார். புத்தாண்டுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் திரும்பி வருவது நமக்குத் திருவிழா, கம்பெனிக்காரர்களுக்கு அது அறுவடை. போன வருஷம் மூன்று வீட்டில், பிள்ளைகள் பை பிரிப்பதற்கு முன்பே மை டப்பாவோடு வந்து நின்றார்கள்.

அப்பாவைத் திட்டாதே. அவரும் பயந்துதான் கிடக்கிறார், பயத்தில்தான் சிரிக்கிறார். வாங்கியது நாம், கொடுக்க வேண்டியதும் நாம். உன் பயணச் செலவுக்கு, கூரைக்கு, கிணற்றுக்கு என்று நாலு பேர் பார்க்க எண்ணி வாங்கினோம், உன்னால் வந்த கடன் என்று நீ ஒருநாளும் நினைக்கக் கூடாது. ஆனால் வட்டி எப்படி ஏறும், தவணை நின்றால் என்ன ஆகும் என்று அவர்கள் படித்துக் காட்டவில்லை, எங்களுக்கும் கேட்கக் கூச்சம். சந்தையில் நாறின மீனைக் கொடுத்தால் மீன்காரி முகத்திலேயே திருப்பி எறியலாம். நாறின கடனை யாரிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது? அடமானம் வைத்த பட்டா அவர்கள் பெட்டியில் இருக்கிறது.

சாரூன் அக்காளை உனக்கு நினைவிருக்கும், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உனக்குப் பேன் பார்த்துவிடுவாள். அவள் மகன் தொழிற்சாலையிலிருந்து விழாவுக்கு வந்தான், அம்மா சொன்னாள் என்று விரலை வைத்தான். இப்போது வயல் போய்விட்டது. யாரும் பிடுங்கவில்லை, அவளே மனம் ஒப்பி விற்றதாகக் காகிதம் சொல்கிறது, அதிலும் அவள் கைநாட்டு இருக்கிறது. ஒப்பித்தான் விற்றாயா அக்கா என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் காலையில வந்து பொழுது சாயுற வரைக்கும் உக்காந்திருந்தான்டி, அவன் எந்திரிச்சுப் போனா போதும்னு ஆயிருச்சு" என்றாள். இப்போது தாயும் மகனும் செங்கல் சூளையில் இருக்கிறார்கள், அந்த முதலாளியிடம் வேறு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். பேரப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதில்லை. அவள் வீட்டைக் கடக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறேன், எனக்கு அவ்வளவு பயம்.

அதனால் சொல்கிறேன் தியாரி, இந்தப் புத்தாண்டுக்கு வராதே. நீ வந்தால் அப்பா கேட்பார், நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய், உன்னை நான் அப்படித்தான் வளர்த்தேன். நீ விரலை வைத்தால் அந்தக் கடன் உன் தலைக்கு வரும், நீ கொரியாவிலேயே கிழவியாகிவிடுவாய், பட்டாவும் திரும்பி வராது. அப்பா கேட்டால் முதலாளி லீவு தரவில்லை என்று சொல். அந்தப் பொய்யின் பாவம் என்னுடையது, பிக்குகளுக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்து நான் தீர்த்துக்கொள்கிறேன். நீ மாதாமாதம் அனுப்புவதை அப்படியே அனுப்பு, அதற்கு மேல் யாரிடமும் கைமாற்று வாங்கி அனுப்பாதே. பட்டணத்துச் சங்கத்திலிருந்து ஒரு பெண் விகாரைக்கு வந்து பேசினாள். கோர்ட்டு சொல்லாமல் யாரும் நம்மை விற்கச் சொல்லி நெருக்க முடியாதாம், புதுக் கடன் இல்லாமலே பழைய கடனுக்குத் தவணையை நீட்டிக் கேட்கலாமாம், எழுத்தில் கேட்க வேண்டுமாம், புகார் கொடுக்கவும் இடம் இருக்கிறதாம். இருக்கிறதாம் என்றுதான் எழுதுகிறேன், எனக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் கருப்பட்டி விற்கப் போகிற சாக்கில் அவளிடம் போகப்போகிறேன். போகப் பயமாக இருக்கிறது, போகாமல் இருக்க அதைவிடப் பயமாக இருக்கிறது.

கட்டைவிரலைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன் என்றேன் அல்லவா. அது ஆறி வெகுநாளாகிவிட்டது. துணியை மட்டும் நான் அவிழ்க்கவில்லை. விச்செத் மை டப்பாவைத் திறந்தபோது துணியைக் காட்டி முனகினேன், "சரி சித்தி, தியாரி வர்றதுக்குள்ள ஆறிரும், ரெண்டு பேரும் சேர்ந்தே வச்சிரலாம்" என்று மூடிவிட்டான். அப்பா தினமும் மஞ்சள் அரைத்துக் கொடுக்கிறார், நானும் வாங்கித் தடவிக்கொள்கிறேன், ஆறின விரலுக்கு. அவரைக் கல்யாணம் கட்டின நாளிலிருந்து இப்படி ஏமாற்றியதில்லை.

காலுறை போடாமல் வேலைக்குப் போகாதே. உன் வங்கிப் புத்தகத்தை முதலாளியிடம் கொடுத்து வைக்காதே. கூட வேலை பார்க்கிற பெண்கள் அழுதுகொண்டு கேட்டாலும், படிக்காத காகிதத்தில் பெயரோ விரலோ வைக்காதே. நல்ல மனசும் நல்ல உடம்பும் கொடுத்து தெய்வங்கள் உன்னைக் காக்கட்டும், நீ மிதிக்கும் இடமெல்லாம் உனக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

வராதே என்று உன் அம்மா எழுதுவாள் என்று நீ நம்பமாட்டாய். என் கையெழுத்து மாதிரி வேறு யாரோ எழுதினது என்று நினைத்து டிக்கெட் போட்டுவிடுவாய். அதற்காகத் துணியை அவிழ்த்து, சட்டிக் கரியில் தொட்டு, கீழே என் கட்டைவிரலை வைத்திருக்கிறேன். தழும்பு தெரியும், பார்த்துக்கொள். அப்பா மரத்திலிருந்து இறங்குகிற சத்தம் கேட்கிறது. துணியைச் சுற்றிக்கொள்கிறேன்.

உன்னைப் பார்க்க ஏங்கும்
அம்மா மாவ் சொபால்
(வலது கட்டைவிரல்)