அதட்டச் சொன்னவன் நான்தான்

என் ஸ்டெல்லா கண்ணுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்று உனக்கு வருஷப் பூசை. கோயிலிலிருந்து வந்து வீட்டில் பிரியாணி. உப்பு ஜாஸ்தி. நீ இருந்திருந்தால் சமையல்காரன் இந்நேரம் சிதம்பரம் தாண்டி ஓடியிருப்பான். சிரிக்காதே, நான் எழுத வந்தது சிரிக்கிற சங்கதி இல்லை.

சாப்பிடும்போது உன் தம்பி ஆரோக்கியம் எல்லார் எதிரிலும் சொன்னான். "அக்கா தங்கம்தான். ஆனா மாமாவ என்னா அதட்டு அதட்டும். இப்பதான் மனுஷன் ஃப்ரீயா மூச்சு வுடறாரு."

பக்கத்து வீட்டு அற்புதம் அக்கா சேர்ந்துகொண்டது. "செவுத்துக்கு இந்தாண்டயே கேக்கும். முட்டி போடு, அசையாதன்னு. பாவம், எவ்ளோ பட்டாரோ."

எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு தயிர்ப் பச்சடியை வழித்துக்கொண்டிருந்தேன்.

அதட்டச் சொல்லிக் கேட்டது நான்தானே கண்ணு? 2004-ல் மகள் ஜெசியைக் கட்டிக்கொடுத்து வீடு காலியானதும், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கடலூர் சிதம்பரம் ரூட்டில் நாளெல்லாம் "உள்ள போ, படியில நிக்காத" என்று ஊரை அதட்டுகிற கண்டக்டருக்கு, லீவு நாள் மத்தியானம் தன்னை ஒருத்தி அதட்டினால் தேவலை என்று இருந்தது. "வெய்யில் மண்டையில ஏறிடுச்சா மாமா?" என்று கேட்டாய். கொஞ்ச நாள் யோசித்தாய். பிறகு ஒரு சட்டம் போட்டாய். என் கையைத் துண்டால் கட்டிவிட்டு, என் டூட்டி விசிலையே எடுத்து என் வாயில் வைத்தாய். "ஒரு விசில் அடி, நிறுத்திடறேன். பஸ்சு மாதிரிதான்."

எனக்கு உள்ளே நடந்ததை எப்படிச் சொல்ல? "முட்டி போடு" என்று நீ சொன்னதும் தலைக்குள் இருக்கிற கூட்டமெல்லாம் இறங்கிப் போய்விடும். சில்லறை, டிக்கெட், செக்கிங், எதுவும் இருக்காது. வீராணம் ஏரியில் மல்லாந்து மிதக்கிற மாதிரி இருக்கும். முட்டி வலிகூட வேறு யாருக்கோ வலிக்கிற மாதிரி. முடிந்ததும் அப்படியே தூங்கிப்போவேன். உனக்கும் இதேதான் என்று ஐந்தாறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பாதியில் என் வாயிலிருந்த விசிலைப் பிடுங்கி நீயே ஊதினாய். நான் கண்ணைத் திறந்து, "என்னாடி, டிரைவரே விசில் அடிக்கறாரு?" என்று கிண்டல் பண்ணினேன். நீ சிரிக்கவில்லை. என் கைத் துண்டை அவிழ்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தாய்.

"நீ மெதக்கற மாமா. நான் வண்டி ஓட்டறேன்" என்றாய். "உன் மூச்சு, உன் வெரல் நெறம், தெருவுல யாரு போறா, எல்லாம் எனக்குப் பளிச்சுனு தெரியுது. உலகமே என் கையில இருக்கற மாதிரி ஒரு திமிரு வருது. அது புடிச்சிருக்கு. ஆனா முடிஞ்சதும் நீ தூங்கிடற. நான் குளுரெடுத்த மாதிரி ஒண்டியா உக்காந்திருக்கேன், நான் நல்லவளா கெட்டவளான்னு தெரியாம."

ஒரே அறையில் இருந்துகொண்டு, நீ எங்கே போய் வருகிறாய் என்று ஒருநாளாவது கேட்டேனா? அன்றிலிருந்து விசில் இரண்டு பேருக்கும் பொது என்றாயிற்று. முடிந்ததும் டீ என் வேலை. உன் குளிர் விடுகிறவரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போதாவது நீ கொஞ்சம் மிதந்தாயா? அதையும் கேட்காமல் விட்டேன்.

நல்லவளா கெட்டவளா என்று நீ பயந்த பயத்துக்கு, நேற்று ஊரே பதில் சொன்னது. நான் வாய் திறக்கவில்லை. நம்ம சங்கதிக்காக எனக்கு வெட்கம் இல்லை கண்ணு. என் கௌரவத்துக்காக உன்னை ஊர் ராட்சசி என்று நினைக்க விட்டேனே, அதற்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

காலையில் ஜெசி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "அம்மா உன்ன ரொம்ப படுத்திடுச்சாப்பா?"

"இல்லம்மா. அதட்டச் சொன்னதே நான்தான். கெஞ்சிக் கேட்டேன். எனக்கோசரம் ஆரம்பிச்சா, அப்பறம் அவளுக்கும் புடிச்சிருந்துச்சு. புடிக்காதப்ப நிறுத்தினா."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "இதுக்கு மேல எனக்குத் தெரிய வேணாம்பா" என்றாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "ஆனா ஆரோக்கியம் மாமா கிட்ட இத நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன். வரும் வழியில் அற்புதம் அக்காவிடமும் சொல்வேன். மச்சான் சிரிப்பான், ஊர் முழுக்கச் சொல்லுவான். இந்த வயதில் தெருவில் பையன்கள்கூட என்னைக் கிண்டல் பண்ணுவார்கள். நான் எத்தனை பேரைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், பண்ணட்டும். உன்னைப் பற்றி மட்டும் இனி ஒருத்தரையும் தப்பாகப் பேச விடமாட்டேன். இது நீ சொல்லாமல் நானாகச் செய்வது.

இன்னும் உனக்கு அடங்கின,
உன் மாமா