நீருக்கடியில் கிடந்த பாதி

அன்புள்ள தம்பி,

"என் பாதி இங்கே பனியில் நடக்கிறது, மறுபாதி மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் மூழ்கிக் கிடக்கிறது" என்று கவிதை எழுதி அனுப்பினாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் உன் போனும் வேலை செய்யவில்லை.

நேற்று நீயே கூப்பிட்டு, "அக்கா, இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கெடைச்சிருச்சு, ஊருக்கு வர்றேன்" என்ற பிறகுதான் மூச்சு வந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து! வந்ததும் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

இங்கே மழையில்லை. நீர்த்தேக்கம் வற்றி, அணை கட்டியபோது மூழ்கிய பழைய கோவில் இடியாமல் வெளியே நிற்கிறது. இன்று போய்க் கற்பூரம் கொளுத்தினேன். பக்கத்தில் நின்றவள், "யாருக்குங்க?" என்று கேட்டாள்.

"எந்தம்பியோட பாதிக்கு" என்றேன்.

அந்தப் பாதி ஈரம் காய்ந்து கரையில் நிற்கிறது. மிச்சப் பாதிக்கு மட்டும் டிக்கெட் எடு.

உன் அக்கா