நீளாத ஷாஃப்ட்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் செய்துகொடுத்த ஸ்டீயரிங் ஷாஃப்ட் நேற்று உடைந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை, நானும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? கேபினை உயர்த்தி மாற்றிய லாரிக்கு நானே அளவெடுத்து, ஒரே துண்டாகச் செய்திருந்தேன். இன்ஜினைப் பார்க்கக் கேபினை முன்னால் சாய்க்கும்போது, ஸ்டீயரிங்கைக் கீழே சக்கரத்தோடு இணைக்கும் அந்தத் தண்டும் கூடவே நீள வேண்டும் என்பதை மறந்தேபோனேன். பட்டறையே பார்த்துக்கொண்டிருக்க, டிரைவர் சாய்த்ததும் பிய்ந்தது.

“ஏண்ணே, வண்டிய ஓட்டினா போதுமா, இன்ஜினத் தொறந்து பாக்கவே கூடாதா?” என்றார். அளவில் புலி என்று பீற்றிக்கொண்டவன், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

உன் தம்பியிடம் மட்டும் சொல்லாதே, ஆயுசுக்கும் சிரிப்பான். என் பழைய கண்ணாடியை அனுப்பு. பிள்ளை கிறுக்கிய தாள் ஏதாவது கிடந்தால் அதையும் சேர்த்து வை. டிரைவர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். நானும் அவரும் பேசிக்கொண்டது இதுதான்: இழுத்தால் நீளும் புது ஷாஃப்டுக்குக் கூலி கிடையாது, முதல் ஓட்டத்தில் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும்.