புழுக்கையின் வயிறு

செவ்வாய்க் கிரகம், வடக்குச் சுரங்க நிலையம்
பதிவு: மெர்சி ஜெபக்கனி, நுண்ணுயிர் ஆய்வாளர்

நாள் 212, காலை 07:10

தலைமை நிலையத்திலிருந்து தானியங்கி வண்டியில் நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. பெட்டை. வயது இரண்டு மாதம். தனியாக இருந்து எனக்குப் புத்தி பேதலித்துவிடக் கூடாதாம், அதற்காக அனுப்பியிருக்கிறார்கள். சும்மா அனுப்புவார்களா? கூடவே ஒரு வேலையும் உண்டு. குட்டியின் வயிற்றுக்குள் என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்று தினமும் நிறுத்து எழுத வேண்டும். உணவு கஞ்சி மாவு, மூன்று வேளை. வேறு எதுவும் கூடாது.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவர்களுக்கு: இங்கே நாங்கள் இருவர் இருந்தோம். பம்ப் மெக்கானிக் கொம்பையா அண்ணன், இரண்டு வாரம் முன்பு வடக்குச் சுரங்கம் சரிந்தபோது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். நடுவிலுள்ள அழுத்தக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்து மீட்டர் காற்று பூஜ்யம் என்கிறது. இறந்தவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். புழுதிப் புயல் ஓயாமல் இங்கே ஆள் வர முடியாது.

வடக்குக் குழாயில் டொக் டொக்கென்று சத்தம். குளிருக்கு இரும்பு சுருங்குகிறது என்றது தலைமை நிலையம். மற்றபடி எல்லாம் சரி.

நாள் 214, மாலை 16:30

வந்ததிலிருந்து மலம் இல்லை. வயிறு கல் மாதிரி. வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்து, வயிற்றைத் தடவிவிட்டு, அதன் பின்னாலேயே அலைந்தேன். எம்.எஸ்ஸி. படித்த படிப்புக்கு நல்ல உத்தியோகம். கடைசியில் என் படுக்கையில், துவைத்து விரித்த போர்வையின் நடுவே போய்விட்டது. சின்னச் சின்ன உருண்டை, ஆட்டுப் புழுக்கை மாதிரி. சரி, பேர் வச்சாச்சு. புழுக்கை.

நாள் 217, மதியம் 13:00

மலம் கழிக்க வைத்த தட்டை மோந்துகூடப் பார்ப்பதில்லை. தரைக்கடியில் கழிவுநீர்க் குழாய் போகிற பள்ளத்தின் மூடி, சரிவு நடந்த அன்றைக்கு ஒரு மூலையில் வளைந்துவிட்டது. அந்த இடுக்கில் நுழைந்து எங்கேயோ போய்விடுகிறது. எனக்கு அதில் தோள்கூட நுழையாது. மணிக்கணக்கில் காணோம். உடம்பெல்லாம் சிவப்புப் புழுதியோடு வருகிறது, நேராக என் காலடியில் வந்து மலம் கழிக்கிறது.

எடை இடிக்குது. நான் போட்ட கஞ்சியைவிட வெளியே வந்தது கூடுதல். தராசைச் சரிபார்த்தேன். தராசு சரியாத்தான் இருக்கு.

நாள் 218, மதியம் 13:20

இன்னைக்கும் அப்படித்தான். போடுறது ஒரு கை, வர்றது ரெண்டு கை. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? வேற யாரோ இதுக்குத் தீனி போடுறாங்க.

இங்கே நான் ஒருத்திதான் இருக்கேன்.

தூக்கத்துல நானே எழுந்து போடுறேனா? அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். எனக்குப் பயமா இருக்கு.

நாள் 219, காலை 08:05

கையுறை போட்டுக்கிட்டு, கரண்டியால உடைச்சுப் பார்த்தேன்.

நிலக்கடலை. பாதி பாதியா, செரிக்காம அப்படியே.

என் சரக்குல கடலை கிடையாது. கொம்பையா அண்ணன்கிட்டத்தான் உண்டு. சொந்தச் சாமான்னு அவருக்குக் கொடுத்த எடை முழுக்கக் கோவில்பட்டி கடலைமிட்டாயாவே கொண்டுவந்த மனுஷன். டப்பாவைக் கதவுக்கு அந்தப் பக்கம் பம்ப் அறையில ஒளிச்சு வச்சிருந்தார். எனக்கு ஒரு துண்டு கொடுத்ததில்ல, கஞ்சப் பிசினாரி.

குட்டி அந்தப் பள்ளம் வழியா அங்கே உயிரோட போயி உயிரோட வருது. அப்போ அங்கே காத்து இருக்கு. மீட்டர் பொய் சொல்லுது.

ஐயோ, அந்தக் குழாய்ச் சத்தம்.

ஸ்பேனரை எடுத்துக் குழாயை அடிச்சேன். கை வலிக்கிற வரைக்கும் அடிச்சேன். பதில் இல்ல. நேத்துக் காலையிலேயே அந்தச் சத்தம் நின்னுபோச்சு. இப்பத்தான் எனக்கு உறைக்குது.

09:40. கதவைத் திறக்கிற ரகசிய எண், அந்தக் கோடு, தலைமை நிலையத்துலதான் இருக்கு. கேட்டேன். அங்கே ரேடியோவுல இருக்கிற அஸ்லம் பேசினான்:

"அக்கா, மீட்டர் பூஜ்யம் காட்டுது. திறந்தா உங்க பக்கத்துக் காத்தும் போயிரும். நாய்ப்பீயை வச்சுக்கிட்டு மேலிடத்துல நான் என்னன்னு சொல்ல? அஞ்சு நாள் பொறுங்க, ஆள் வந்துரும்."

நாள் 220, மாலை 17:15

சப்பாத்தியைச் சுருட்டி, கூடவே ஒரு சீட்டும் பென்சிலும் வச்சு, புழுக்கை கழுத்துல கட்டி அனுப்பினேன். "அண்ணே, தாக்குப்பிடிங்க. ஒரு வரி எழுதி அனுப்புங்க. மெர்சி."

திரும்பி வந்துட்டு. கழுத்துல கயிறுதான் இருக்கு, பொட்டலம் இல்ல. எழுத முடியலையோ என்னவோ. ஆனா வாங்கிக்கிட்டார். சாப்பிட்டிருப்பார். உட்கார்ந்து அழுதேன்.

நாள் 221, காலை 07:50

பீயில சப்பாத்தி. அதோட கசங்கின காகிதம். கழுவிப் பார்த்தேன். "தாக்குப்பிடி" வரைக்கும் தெரியுது, என் கையெழுத்து.

அவர் கைக்குப் போகவே இல்ல. எல்லாத்தையும் இதுவே தின்னிருக்கு.

கடலை ஒண்ணுகூட இல்ல.

அஸ்லமைக் கெஞ்சினேன். திட்டினேன். மேலிடத்துல பேசுறேன்னான். இன்னும் ரெண்டு சப்பாத்தி கட்டி அனுப்பினேன். வேற என்ன செய்ய? கடவுளே.

நாள் 222, காலை 10:30

கஞ்சி வச்சேன், தொடல. நேத்து ராத்திரி வச்சதும் அப்படியே கிடக்கு. பசியே இல்ல அதுக்கு. வயிறு பானை மாதிரி இருக்கு.

நிறைய போயிருக்கு. கறுப்பா. நாத்தம் வேற மாதிரி.

உடைச்சுப் பார்க்கல.

அந்த இடுக்கை நேத்தே அடைச்சிருக்கணும். சாப்பாடு போகட்டும்னு நான்தான் திறந்து வச்சேன். அவர் நினைவில்லாமக்கூடக் கிடக்கலாமே? இன்னும் மூச்சு இருந்தா? இது வந்து என் கையை நக்குது. கையை இழுத்துக்கிட்டேன்.

10:50. அஸ்லம்: "அக்கா, மேலிடம் இறங்கி வந்திருக்கு. இன்னைக்கு எடுத்த சாம்பிள்லயும் கடலை இருந்தா, ஆள் உயிரோட இருக்கார்னு எடுத்துக்குவாங்க. கோடு தருவாங்க. இருக்கா?"

இருக்குன்னு சொன்னேன்.

"நல்லாப் பார்த்தீங்களா?"

பார்த்தேன்னு சொன்னேன்.

10:58. கோடு வந்துட்டு.

குரல் பதிவு, 11:20

கதவு முன்னால நிக்கிறேன். கோட்டைப் போட்டாச்சு. மோட்டார் இழுக்குது... ஒரு சாண் திறந்திருக்கு. காத்து இருக்கு. நான் சொன்னேன்ல, காத்து இருக்கு.

கொம்பையா அண்ணே.

அண்ணே, நான் மெர்சி.

புழுக்கை எனக்கு முன்னால வாலை ஆட்டிக்கிட்டு ஓடுது. அதுக்கு வழி தெரியும்.